பொன் தேடிய ஊர்கள்: ஒரு பகற் பயணத்திற் காணத்தக்கவை

பொன்னைச் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என நால்வகைப்படுத்திக் கூறுதல் நம் முன்னோர் மரபு. இவற்றுள் சாம்பூநதம் என்பது சம்பு நதியோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் பொன்னாகும். மலையிற் பிறந்த பொன் ஆற்று மணலில் வந்து தங்கும் என்னும் அறிவு நம் நாட்டவர்க்குப் பழமையானதென்பதற்கு இப்பெயரே சான்று. ஆற்று மணலிற் கிடைக்கும் அப்பொன்னே பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கண்டம் விட்டுக் கண்டத்திற்கு மக்கட் கூட்டங்களை இழுத்துச் சென்றது. 1848இற் கலிபோர்ணியாவிலும், 1851இல் அவுஸ்திரேலியாவிலும், 1861இல் நியூசிலாந்தின் ஒற்றாகோ மாகாணத்திலும், 1896இற் கனடாவின் குளொண்டைக் பகுதியிலும் நிகழ்ந்த இப்பெரும் இடப்பெயர்வுகளையே வரலாற்றாசிரியர் பொன்வேட்டை என்பர்.

அரசர் ஆணையால் அடிமைகளைக் கொண்டு தோண்டப்பட்ட பழைய சுரங்கங்களுக்கும் பொன்வேட்டைக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. பொன்வேட்டையிற் கையில் ஒரு மண்வெட்டியும் ஒரு தட்டும் உடைய எவனும் பங்குகொள்ளலாம். கப்பலை விட்டு ஓடிய மாலுமியும், வேலையை விட்டு வந்த எழுதுவினைஞனும், கற்றறிந்த வைத்தியனும் ஒரே குழியில் நின்று மண் அள்ளினர். இவ்வூர்களின் வரலாறு பொன்னின் வரலாறாக மட்டும் அமையாது, உரிமையின் வரலாறாகவும் அமைந்ததற்கு இதுவே காரணம். அவ்வகை ஊர்களுள் ஒரு பகற் பொழுதிற் சென்று மீளத்தக்கனவாய், இன்று நம்மவர் பலரும் குடியேறி வாழும் மெல்பேண் நகருக்கு அணித்தாய் உள்ள விக்டோரியா மாநிலத்துப் பொன்னூர்களைப் பற்றி ஈண்டு விளக்குவாம்.

பொன் எங்ஙனம் அங்கு வந்தது?

ஊர்களைக் காண்பதற்கு முன் அவற்றின் நிலத்தை அறிதல் நன்று. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியிற் படிந்த மண்ணும் சேறும் இறுகிப் பாறையாகி, பின்னர் நெருக்குண்டு மடிந்தன. அம்மடிப்புகளின் வெடிப்புகளிலே சூடான நீர் மேலெழுந்து, குவாட்சு எனப்படும் வெண்கல்லையும் அதனுள்ளே பொன்னையும் படியவிட்டது. காலப்போக்கில் மழையும் வெயிலும் பாறையைத் தேய்க்க, பொன் துகள்கள் விடுபட்டு ஓடைகளை அடைந்தன. பொன் நீரிலும் 19 மடங்கு கனமானது. மணலோ இரண்டரை மடங்கு அளவே கனமுடையது. ஆதலின் ஓடும் நீர் மணலைக் கொண்டு செல்ல, பொன் அடியில் தங்கிவிடும். தட்டில் மண்ணையும் நீரையும் இட்டுச் சுழற்றி அரிப்பவன் செய்வதும் ஓடை செய்த அதே தொழிலையே.

சில இடங்களில் அப்பழைய ஓடைகளின் மேல் எரிமலைக் குழம்பு பாய்ந்து கருங்கல்லாய் இறுகியது. அங்கே பொன் நிலத்தின் ஆழத்திற் புதைந்த ஆற்றுப் படுகைகளிற் கிடந்தது. ஆகவே பொன்னூர் ஒவ்வொன்றும் மூன்று படிகளைக் கடந்தது. முதலில் ஓடை மணலைத் தனி மனிதர் அரித்தனர். அடுத்து, புதைந்த படுகைகளை நாடிச் சிறு குழுக்கள் ஆழக் கிணறு இறக்கின. இறுதியில் வெண்கற் பாறையையே உடைத்து இடிக்க வேண்டியதாயிற்று. அதற்கு நீராவி இயந்திரமும் பெருமுதலும் தேவைப்பட்டமையின் கம்பனிகள் வந்தன. தனக்கென மண் அள்ளியவன் கூலியாளானான். எந்தப் பொன்னூருக்குச் சென்றாலும் இம்மூன்று படிகளின் தடங்களையும் தேடிக் காணுதல் வேண்டும்.

விக்டோரியா 1851 யூலை முதலாந் திகதி தனிக் குடியேற்ற நாடாயிற்று. அதே மாதத்திற் குளூன்ஸ் என்னும் இடத்திற் பொன் கண்ட செய்தி வெளிவந்தது. ஓகஸ்ட் மாதத்திற் பலாரற்றிலும் பொன் காணப்பட்டது. 1851இல் ஏறக்குறைய 77,000 ஆக இருந்த குடித்தொகை 1861இல் 5,40,000 ஆயிற்று. 1850களில் உலகிற் கிடைத்த பொன்னில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இச்சிறு நாட்டினின்றே பெறப்பட்டதென்பர்.

பலாரற்

மெல்பேணிலிருந்து மேற்கே ஏறத்தாழ 110 கி. மீ. தொலைவில் உள்ளது பலாரற். காலைப் புகையிரதத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரமளவிற் சேரலாம். புறப்படும் நிலையத்தின் பெயர் தென்சிலுவை. நம் புராண மரபில் திரிசங்குவோடு இணைத்துக் கூறப்படும் அவ்விண்மீன் கூட்டத்தின் உருவை மாலையில் மீளுமுன் வேறோரிடத்திலும் காண்போம் என்பதைப் பயணி நினைவிற் கொள்ளுக.

பலாரற்றுக்குச் செல்வோரிற் பெரும்பாலார் முதலில் நாடுவது சொவறின் ஹில் என்னும் திறந்தவெளி நூதனசாலையை. 1970இல் திறக்கப்பட்ட இது, பழைய சுரங்க நிலமொன்றில் 1850களின் தெருவையும் கடைகளையும் கூடாரங்களையும் மீளக் கட்டியமைத்த ஓர் ஊராகும். ஓடையில் மண்ணை அரித்துப் பார்க்கலாம். நிலத்தின் கீழ் இறங்கலாம். உருக்கிய பொன்னை அச்சில் வார்ப்பதைக் காணலாம். நூறு பக்கம் படித்தும் விளங்காத பொறிகளின் இயக்கம் இங்கே ஒரு நாழிகையில் விளங்கும். சிறப்பாக, இரும்புலக்கைகள் வரிசையாய் எழுந்து விழுந்து வெண்கல்லை மாவாக்கும் இயந்திரத்தின் அருகில் நிற்பவர், அக்காலத்தில் இத்தகைய இயந்திரங்கள் பல இரவும் பகலும் முழங்கிய ஊரில் மக்கள் எங்ஙனம் உறங்கினர் என வியப்பர். அம்மாவினின்று பொன்னைப் பிரிக்கப் பாதரசம் பயன்பட்டது. இரசம் செம்பைப் பொன்னாக்கும் என நம் இரசவாதிகள் நம்பினர்; இங்கோ இரசம் ஏற்கனவே உள்ள பொன்னைப் பற்றி எடுத்தது. பின் அதனைச் சூடேற்ற இரசம் ஆவியாய்ப் போகப் பொன் எஞ்சியது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. மீளக் கட்டிய ஊர் எவ்வளவு நேர்த்தியாயினும் அது பாடநூல் போன்றதே. மூலத்தைக் காண விழைவோர் நகரின் நடுவே உள்ள லிடியாட் வீதியில் நடத்தல் வேண்டும். 1862இல் திறந்த புகையிரத நிலையம், 1875இல் எழுந்த நாடக அரங்கு, சுரங்கப் பங்குகள் கைமாறிய மாளிகை, 1884இல் தாபிக்கப்பெற்ற ஓவியக்கூடம் ஆகியன அங்கு உள்ளன. கூடாரத்தில் வாழ்ந்தவர் முப்பது ஆண்டளவில் ஓவியக்கூடம் அமைத்தனர் என்பது சிந்திக்கத்தக்கது. பொன் அரித்தவருட் பலர் எழுத்தறிவுடையோர். நிலைத்து வாழ எண்ணியபோது நூல்நிலையமும் அரங்கும் வேண்டினர்.

யூரேக்கா

பலாரற்றிற் காணத்தக்கவற்றுள் தலையாயது பொன்னன்று, கிழிந்த துணியொன்று. அதன் வரலாறு வருமாறு.

பொன் தேடுவோர் ஒவ்வொருவரும் மாதந்தோறும் 30 சிலிங் கொடுத்து அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என அரசு விதித்தது. பொன் கிடைத்தாலும் கிடையாவிட்டாலும் வரி ஒன்றே. பத்திரம் கையில் இல்லாதவரைப் பொலிசார் வேட்டையாடிப் பிடித்தனர். வரி செலுத்திய இம்மக்களுக்குச் சட்டமியற்றும் சபைக்கு ஒருவரைத் தெரிவு செய்யும் உரிமையும், உழ நிலம் வாங்கும் வாய்ப்பும் இல்லை. 1854 நவெம்பரிற் பலாரற் சீர்திருத்தக் கழகம் தோன்றி வாக்குரிமை கோரியது. தேசாதிபதி சேர் சாள்ஸ் ஹொதம் இணங்கவில்லை. மாத இறுதியில் மக்கள் தம் பத்திரங்களைத் தீயிலிட்டனர். நீல நிறத் துணியில் வெள்ளைச் சிலுவையும் ஐந்து விண்மீன்களும் தைத்த கொடியின் கீழ் நின்று, ஒருவரையொருவர் காப்பதாக உறுதி பூண்டனர். பீற்றர் லாலர் என்னும் அயர்லாந்துக்காரர் தலைமை தாங்கினார். மரக்கட்டைகளால் ஓர் அரணும் அமைத்தனர்.

டிசெம்பர் 3ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் படைகள் அரணைத் தாக்கின. அரைமணி நேரத்துள் யாவும் முடிந்தன. பொன் தேடியோருள் இருபதுக்கு மேற்பட்டோரும், படைவீரர் சிலரும் இறந்தனர். லாலர் ஒரு கையை இழந்தார். இராசத்துரோகக் குற்றம் சாட்டப்பெற்ற பதின்மூவரையும் மெல்பேண் யூரிமார் 1855இல் விடுதலை செய்தனர். அவ்வாண்டே மாதவரி ஒழிந்தது. ஆண்டுக்கு ஒரு பவுண் கொடுத்துப் பெறும் சுரங்க உரிமைப்பத்திரம் வந்தது. அதனோடு வாக்குரிமையும் வந்தது. ஒரு கையுடன் லாலர் சட்டநிரூபண சபையில் அமர்ந்தார். பிற்காலத்தில் 1880 முதல் 1887 வரை சபாநாயகராகவும் விளங்கினார்.

போர்க்களத்திற் கிழித்தெடுக்கப்பட்ட அக்கொடி இன்று பலாரற்றில், அரண் நின்ற நிலத்தின் அருகே, மங்கிய ஒளியிற் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. நினைவுப்பொருளாகப் பலர் துண்டு துண்டாக வெட்டிச் சென்றமையால் அதன் பெரும் பகுதி இல்லை. எஞ்சிய பகுதியின் முன் நிற்பவர்க்கு நிலையத்தின் பெயர் நினைவுக்கு வரும்.

குளூன்ஸ்

பிற்பகலில் நேரமுடையோர் வடக்கே 35 கி. மீ. அளவில் உள்ள குளூன்ஸ் சென்று மீளலாம். பொன் முதன்முதற் பேசப்பட்ட அவ்வூர் இன்று சிற்றூர். அகன்ற வீதியும் இருபுறமும் பழைய கட்டடங்களும் இருக்க, மக்களே குறைவு. பொன் தீர்ந்தபின் வேறு கட்டடம் கட்டப் பணம் இன்மையால், பழையன இடிக்கப்படாது தப்பின; வறுமையே இங்கு வரலாற்றுக்குக் காவலாயிற்று. 2007 முதல் இவ்வூர் புத்தக விழாவாற் பெயர்பெற்றுள்ளது. பொன்னால் எழுந்து பொன்னால் வீழ்ந்த ஊரொன்று நூல்களால் மீண்டும் நிமிர்வது மாணவர்க்கு மகிழ்ச்சி தருவதன்றோ!

பெண்டிகோ வழி

பலாரற்றையும் பெண்டிகோவையும் ஒரே நாளிற் பார்க்க முயல்வோர் இரண்டையும் பாராதவராவர். பெண்டிகோவுக்கு மற்றொரு நாளை ஒதுக்குதல் வேண்டும். மெல்பேணுக்கு வடக்கே ஏறத்தாழ 150 கி. மீ. தொலைவில் உள்ள அந்நகருக்கு 1862இற் புகையிரதப் பாதை சென்றது. வழியிற் காசில்மெயின் உள்ளது; அங்கே 1862இற் கட்டிய சந்தை மண்டபம் நிற்கின்றது. சூழவுள்ள காடுகளிற் பழைய குழிகளும் நீர்க்கால்களும் குடிசைகளின் அடித்தளங்களும் மரபுரிமைப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. அருகில் உள்ள மோல்டன், அவுஸ்திரேலியாவின் முதலாவது குறிப்பிடத்தக்க நகர் என 1966இல் தேசிய நம்பிக்கைச் சபையாற் சிறப்பிக்கப்பெற்றது.

பெண்டிகோ மூன்றாம் படியின் தலைநகர். இங்கே வெண்கற் பாறைகள் குதிரைச் சேணம் போல் வளைந்து ஒன்றன்கீழ் ஒன்றாய் அடுக்கப்பட்டிருந்தமையால், சுரங்கங்கள் ஆழம் ஆழமாய்ச் சென்றன. ஒன்று 1,400 மீட்டரையும் எட்டியது. 1939 முதல் 1954 வரை இயங்கிய சென்றல் டெபோறா சுரங்கத்தில் இன்று பார்வையாளர் இறங்கலாம். வெளிச்சத்தை அணைத்துவிட்டு வழிகாட்டுவோர் ஒரு நிமிடம் அமைதி காப்பின், கூலிக்கு உழைத்தவரின் வாழ்வு ஒருவாறு புலப்படும். பாறையைத் துளைக்கையில் எழுந்த நுண்தூள் அவர்தம் நுரையீரலிற் படிந்தது. பலர் முதுமை காணாது இறந்தனர். மேலே வீதியில் நிற்கும் மாளிகைகளின் விலை அதுவே.

மலையைத் தேடி வந்த சீனர்

பெண்டிகோவில் நம்மவர் தவறாது காணவேண்டியது சீனர் கோயில். நகரின் புறத்தே செங்கல்லாற் கட்டிச் செந்நிறம் பூசிய அச்சிறு கோயில் 1870களின் தொடக்கத்தில் எழுந்தது. குவான் டி என்னும் தெய்வத்திற்கு உரியது. பொன்னை நாடிக் கடல் கடந்தவர் முதலிற் கூடாரமும் பின்னர்க் கோயிலும் அமைத்தனர் என்பது கடல் கடந்த நம்மவர்க்கு எளிதில் விளங்கும்.

1850களின் பிற்பகுதியில் விக்டோரியாவிற் சுமார் 40,000 சீனர் இருந்தனர். பிறர் கைவிட்ட மண்ணையே மீண்டும் பொறுமையுடன் அரித்து வாழ்ந்தனர். அவர்கள் மீது வெறுப்பு வளர்ந்தது. யூரேக்கா வீரர் உரிமை பெற்ற அதே 1855ஆம் ஆண்டில், கப்பலில் வரும் சீனர் ஒவ்வொருவருக்கும் 10 பவுண் தலைவரி விதிக்கும் சட்டம் பிறந்தது. வரிக்கொடுமையை எதிர்த்து வென்றவரின் நாட்டிலே, வென்ற ஆண்டிலேயே, மற்றொரு கூட்டத்தார் மீது வரி சுமத்தப்பட்டது! தப்ப வழி தேடிய சீனர் ஆயிரக்கணக்கானோர் தென் அவுஸ்திரேலியாவின் றோப் துறையில் இறங்கி, நூற்றுக்கணக்கான மைல் கால்நடையாய் வந்தனர். அவ்வாறு வந்த கூட்டமொன்று 1857இல் வழியிற் கண்ட பொன்னே அரறற் என்னும் நகரை உருவாக்கியது. அதே ஆண்டு பக்லண்ட் ஆற்றங்கரையிற் சீனரைத் தாக்கி விரட்டிய கலகமும் நிகழ்ந்தது. இன்று பெண்டிகோவில் உயிர்த்த ஞாயிறு விழாவிற் சீன நாகம் வீதியுலா வருதலை ஊரே கூடி வரவேற்கின்றது. 1871இல் தொடங்கிய இவ்விழாவிற் சீனர் அந்நூற்றாண்டிலேயே கலந்துகொண்டு, ஊர் வைத்தியசாலைக்கு நிதி சேர்க்க உதவினர் என்பதை அந்நாகத்தைக் காண்போர் அறிதல் வேண்டும்.

இவர்கள் யாவர்க்கும் முந்தியவர் வாதாவுறுங், ஜாஜாவுறுங் என்னும் பழங்குடியினர். அவர்தம் ஓடைகள் கலங்கின; கிழங்கு விளைந்த நிலங்கள் குழிகளாயின. தம் நாட்டைத் தலைகீழாக்கப்பட்ட நாடு என ஜாஜாவுறுங் மக்கள் கூறுவர். 2013இல் அவர்களுக்கும் மாநில அரசுக்கும் இடையே நில உரிமையை ஏற்கும் உடன்பாடு கைச்சாத்திடப்பட்டது. சுரங்கக் கழிகல் மேடுகளில் ஆசனிக்கு என்னும் நஞ்சு இன்றும் உள்ளது. பயணி அம்மேடுகளிற் புல் முளையாமையைக் காணின், காரணம் இஃதென அறிவாராக.

பலாரற்றிலிருந்து பந்தலூருக்கு

இவையெல்லாம் தூரதேசத்துச் செய்திகள் என வாசகர் கருதலாம். அங்ஙனமன்று. விக்டோரியாவின் சுரங்கத் திணைக்களச் செயலாளராய் 1860 முதல் 1876 வரை பணிபுரிந்த றொபேட் பிறஃப் சிமித் என்பவர், 1879இல் இந்திய அரசின் அழைப்பை ஏற்றுத் தென்னிந்தியா வந்தார். நீலகிரி மாவட்டத்தோடு 1877இற் சேர்க்கப்பட்ட தென்கிழக்கு வயநாட்டில், தேவாலா, பந்தலூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த மலைகளைப் பார்வையிட்டார். அங்குள்ள ஓடைகளிற் குறும்பரும் பணியரும் நெடுங்காலமாகப் பொன் அரித்து வந்தனர். அவர் 1880இல் வெளியிட்ட நம்பிக்கை மிகுந்த அறிக்கை இலண்டனிற் பெருங் கிளர்ச்சியை விளைத்தது. ஈராண்டுக்குள் நாற்பதளவான கம்பனிகள் 50 இலட்சம் பவுண் அளவான பெயரளவு முதலுடன் தோன்றின. நோயால் நலிந்த கோப்பித் தோட்டங்கள் பொன் நிலம் என்ற பெயரில் உயர்ந்த விலைக்குக் கைமாறின. பந்தலூர் சிறிது காலம் பலாரற் ஆகக் கனவு கண்டது.

கனவு நிலைக்கவில்லை. தேர்ந்தெடுத்த சிறு கற்றுண்டிற் கண்ட அளவு வேறு. பாறை முழுவதையும் இடித்தபோது கிடைத்த அளவு வேறு. மேற்பரப்பில் வெயிலும் மழையும் பொன்னை விடுவித்து வைத்திருந்தன. ஆழத்திலோ அது குறைந்தும் வேறு கனியங்களோடு பிணைந்தும் கிடந்தது. முதலின் பெரும் பங்கு நிலத்தை விற்றோர் கைக்குச் சென்றது. சில ஆண்டுகளுள் இயந்திரங்கள் ஓய்ந்தன. காடு சுரங்க வாய்களை மூடியது. அம்மலைகளைப் பிற்காலத்திற் தேயிலை மூடியது.

அத்தேயிலையோடுதான் நம் நாட்டின் கதையும் சேர்கின்றது. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையை விட்டுச் செல்ல நேர்ந்த மலையகத் தமிழர்க்கு வேலை கொடுக்கவே தமிழ்நாடு அரசு கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பகுதிகளிற் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. கண்டியிலும் பதுளையிலும் பிறந்து கொழுந்தெடுத்தவர், பொன் தேடிய கம்பனிகள் கைவிட்ட மலைநாட்டிலே மீண்டும் கொழுந்தெடுத்தனர். உதகமண்டலத்திலிருந்து கூடலூர் வழியாக ஒரு பகலில் அவ்வூர்களையும் கண்டு மீளலாம். அங்கே கொடியுமில்லை, நூதனசாலையுமில்லை. பழைய சுரங்கக் குழிகள் மூடப்படாது கிடப்பதால் வழிகாட்டியின்றிக் காட்டினுட் செல்லுதல் ஆகாது. அனுமதியின்றிப் பொன் தேடி அக்குழிகளுள் இறங்கி உயிரிழந்தோரும் உளர்.

பயணியின் கடமை

பொன்னூர்களைக் காணச் செல்வோர் மூன்று வினாக்களைக் கையிற் கொண்டு செல்லுதல் நன்று. பொன் இங்கு எவ்வாறு வந்தது? அதை எடுத்தவர் யார்? எடுத்தபின் எஞ்சியது யாது? முதல் வினாவுக்கு நிலம் விடை தரும். இரண்டாவதற்கு வீதியும் கோயிலும் கல்லறையும் விடை தரும். மூன்றாவதற்கு விடை ஊர்தோறும் வேறுபடும். பலாரற்றிற் பொன் தீர்ந்தும் நகரம் தீரவில்லை. பொன்னோடு அவர்கள் உரிமையையும் கல்வியையும் தேடினர். பந்தலூரில் முதலிட்டோர் ஊரைக் காணாமலே பங்கு வாங்கினர். பொன் பொய்த்தவுடன் அவர்தம் தொடர்பும் அற்றது. அங்கே நிலைத்தவர், அந்நிலத்தின் பழங்குடியினரும், வேறு வழியின்றி வந்து சேர்ந்த உழைப்பாளரும் ஆவர்.

பலாரற்றின் கொடியைக் கண்டவர் பந்தலூரின் தேயிலைச் செடியையும் ஒருமுறை சென்று காண்க. முன்னதற்கு நுழைவுச்சீட்டு உண்டு, விளக்கவுரையும் உண்டு. பின்னதற்கு விளக்கவுரை இன்னும் எழுதப்படவில்லை. அதனை எழுதுதல் கற்ற நம்மவர் கடன்.